கரைப்பக்கத்தால் வந்தவன்

கடலில் குளிக்கப் போன டினேஷ் கடற்பக்கத்தால் திரும்பி வரவில்லை. வெள்ளைக்காரர் காலத்துப் பீரங்கிமேடை இடிந்து கிடந்த பற்றைக்காட்டுப் பக்கத்தால், இடுப்பில் துவாயோடு மெல்ல நடந்து வந்தான்.

வாடகை வானுக்கு வெளியே மடக்குக் கதிரையில் இருந்த நிரோஷினி அதைப் பெரிதாக எடுக்கவில்லை. படுக்கையும் அடுப்பும் பொருத்திய அந்த வானில் மூன்று நாட்களாகப் புல்மோட்டையிலிருந்து கரையோரமாக வருகிறார்கள்: அவளும் கணவன் டினேஷும், அவனுடைய தமையன் பேணாட்டும், பேணாட்டின் மனைவி மக்டலினும். காலையில் வழியிலிருந்த பழைய கோட்டையைப் பார்த்துவிட்டு, மூதூரும் தாண்டி, ஆளரவமற்ற இந்தக் கரையில் நிறுத்தியிருந்தார்கள். குடாவுக்கு அப்பால் துறைமுக விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின.

கூடவே குளிக்கப் போன பேணாட்டைக் காணவில்லை. "அத்தான் எங்கை?" என்று கேட்டாள்.

"வாறார்," என்றபடி அவன் வானுக்குள் ஏறினான்.

அவன் கடந்து போகையில் ஒரு மணம் அடித்தது. கடலில் குளித்தவன்மேல் வீசும் உப்பும் பாசியும் அல்ல. நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்தால் எழும்புமே, ஈரமண்ணும் இரும்புக்கறளும் கலந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் மணம், அது.

மக்டலின் அடுப்பைக் குறைத்துவிட்டு ரோச் லைற்றை எடுத்தாள்.

"இருட்டுப்படுது, இந்த மனிசனைக் காணேல்லை. நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன். சோத்தைப் பாரும், நிரோ."

வெளிச்சம் கரையோரமாகப் போய்ச் சிறுத்தது. நிரோஷினி உள்ளே வந்து சோற்றைக் கிளறினாள். கூரையில் தூறல் விழும் சத்தமும் பானையின் கொதிப்பும் தூரத்து அலையும் கேட்டன. முதுகுக்குப் பின்னால் நாலடி தள்ளிக் கட்டிலில் இருந்தவனின் மூச்சு மட்டும் கேட்கவில்லை.

அப்போது பீரங்கிமேடைப் பக்கமிருந்து ஒரு அலறல்.

"அண்ணா."

டினேஷின் குரல்.

அவள் திரும்பினாள். டினேஷ் முழங்கால்களில் கை வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கதவைச் சாத்தும், நிரோ."

சாத்தினாள். பூட்டினாள். மணலில் யாரோ ஓடி வந்தார்கள். கதவு அதிர்ந்தது.

"நிரோ, திறவும். அண்ணா தலை உடைஞ்சு கிடக்கிறார். என்ரை முகத்தோடை ஒண்டு நிண்டு அடிச்சது. கெதியாத் திறவும்."

"அதுதான் அண்ணாவை அடிச்சது," என்றான் உள்ளே இருந்தவன். "நான் தப்பி ஓடி வந்தனான்."

"வாறார் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"உம்மைப் பயப்படுத்த விரும்பேல்லை."

அதே குரல். கடைசிச் சொல்லை இழுக்கும் அதே பழக்கம்.

யன்னலில் கல் விழுந்தது. கண்ணாடி உடைந்தது. முழங்கை வரை இரத்தம் தோய்ந்த கையொன்று பூட்டைத் தேடி உள்ளே வந்து, அவளுடைய சட்டையைப் பற்றியது.

வானின் சில்லுக் கழற்றும் இரும்புத்தடி பின்னாலிருந்து அவளுடைய உள்ளங்கையில் வைக்கப்பட்டது.

"அடியும்."

அடித்தாள். மணிக்கட்டு முறிந்தது. கை விடவில்லை. தலையும் உள்ளே நுழைந்தது.

"நிரோ, பின்னாலை பாரும்..."

அடித்தாள். திரும்பவும். எலும்பு உள்வாங்கியது. திரும்பவும். முகத்தில் சூடாகத் தெறித்தது. திரும்பவும்.

சத்தமில்லை.

சோறு கருகிய நெடி. தூறல்.

யன்னலில் தொங்கிய கை இன்னும் அவளுடைய சட்டையை விடவில்லை. அதன் விரலில் கலியாண மோதிரம். அதில் வெட்டிய எழுத்து, நி.

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. எழும்புகிறது.

வெளியே வெளிச்சம் ஆடி ஆடி ஓடி வந்தது. "ஐயோ, டினேஷ். நிரோ, உள்ளை இருக்கிறீரோ?"

வராதையுங்கோ என்று கத்த வாய் திறந்தாள். குளிர்ந்த உள்ளங்கையொன்று வாயை நிறைத்தது. மண் ருசி. பல்லொன்று உடைந்தது. காதருகே அவளுடைய குரலே அழுதது.

"அக்கா, கெதியா உள்ளுக்கு வாங்கோ. வெளியிலை நிக்காதையுங்கோ."

பூட்டுத் திரும்பியது. ரோச் வெளிச்சத்தில் வாசலில் நின்றது நிரோஷினியின் முகம். ஒரு கையால் அசல் நிரோஷினியை இருட்டுக்குள் சுவரோடு நெரித்தபடி, கண்ணீர் வழிய வழிய, மற்றக் கையை மக்டலினுக்கு நீட்டிக்கொண்டு நின்றது. மக்டலின் அந்தக் கையைப் பிடித்துப் படியில் கால் வைத்தாள்.