நின்ற எஞ்சினின் மூச்சு

எஞ்சின் நின்று வெகுநேரமாகியும் முள் ஏறவே இல்லை.

விமானியின் இருக்கையில் உட்கார்ந்திருந்த மெக்கானிக், எஞ்சினுக்குள் காற்றழுத்தம் காட்டும் கேஜின் கண்ணாடியைச் சுண்டிப் பார்த்தார். எஞ்சின் ஓடும்போது காற்றை உறிஞ்சும், முள் இறங்கும். அணைத்துவிட்டால் வெளிக்காற்றின் அழுத்தம் எவ்வளவோ அதையே முள்ளும் காட்ட வேண்டும். சோதனை என்பது அவ்வளவுதான். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வெளி அழுத்தம் கேட்டால் கடல் மட்டத்துக்குச் சரிசெய்த கணக்கைச் சொல்வார்கள், இந்த மேட்டு நிலத்துக்கு அது ஆகாது. விமானக் கொட்டகையில் வெளிக்காற்றை அளக்கும் பாராமீட்டர் பழுதுக்குப் போயிருந்ததால், வீட்டுச் சுவரில் தொங்கியதைக் கழற்றிவந்து மடியில் வைத்திருந்தார்.

வீட்டில் தொங்கியது அவருடையது இல்லை. மனைவியின் முதல் கணவனுடையது. இந்த விமானத்தை ஓட்டியவனும் அவன்தான். நடுவானில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டவன், விமானத்தை அலுங்காமல் குலுங்காமல் இறக்கிவிட்டு, இதே இருக்கையில் மூச்சை விட்டானாம். செத்துப்போவதிலும் நல்ல பேர் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான், பாவி. கொட்டகையில் அந்தக் கதையை யார் எடுத்தாலும் மெக்கானிக்குக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும்.

வீட்டில் இன்னும் மோசம். காலையில் எழுந்ததும் அவள் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு நேரே பாராமீட்டரிடம் போவாள். நகத்தால் இரண்டு தட்டு. உள்ளே ஆள் தூங்கும் அறைக் கதவைத் தட்டுவதுபோல, அத்தனை மெதுவாக. முள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அப்படித் தட்டச் சொல்லிக்கொடுத்தாராம், அவர். பக்கத்து வீட்டாரிடம் இவரையும் 'அவர்' என்றுதான் சொல்கிறாள். எந்த அவர் என்று கேட்கப் பலமுறை நாக்கு துடித்தது. பதிலுக்குப் பயந்து கேட்கவில்லை. இன்று அதைக் கழற்றும்போது சாக்கோடு சாக்காக ஆணியையும் பிடுங்கி எறிந்துவிட்டு வந்தார்.

கொட்டகைத் தகரத்தில் மழை ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்தது, ஈர எண்ணெயும் ரப்பரும் கலந்த பழகிய வாசனைக்கு அடியில் இப்போதுதான் சவரம் செய்த முகத்தின் சோப்பு வாசனை மெல்ல மேலே வந்தது, பின்னிருக்கையில் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தவருக்குத் தன் சட்டை மட்டும் அங்கே கிடப்பது தெரிந்தது. எஞ்சினிலிருந்து கேஜுக்கு வரும் குழாயில் தண்ணீர் அடைத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கேஜின் பின்னால் கைவிட்டுக் குழாயைப் பிடுங்கினார். இனி வெளிக்காற்று நேரே கேஜுக்குள் போகும், முள் ஏறித்தான் ஆக வேண்டும்.

இறங்கியது.

கொஞ்சம் நின்றது. மெல்ல ஏறியது. மறுபடி இறங்கியது. தூங்குகிற மனிதனின் மார்புபோல.

மடியில் இருந்த பாராமீட்டரின் முள்ளும் அதோடு சேர்ந்து இறங்கியது. காது அடைத்தது. பாராமீட்டரின் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ தட்டினார்கள். மெதுவாக. இரண்டு தட்டு.

பாராமீட்டரை இருக்கையிலேயே போட்டுவிட்டு, கொட்டும் மழையில் வீட்டுக்கு ஓடினார். அவளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட வேண்டும். அவள் வரமாட்டேன் என்றால்? அந்த நினைப்புதான் மற்றதைவிடப் பயமாக இருந்தது.

கதவைத் திறந்ததும் காது மறுபடி அடைத்தது. வெற்றுச் சுவருக்கு முன்னால் அவள் நின்றிருந்தாள். ஆணி இருந்த துளைக்குப் பக்கத்தில் நகத்தால் தட்டினாள். சுவர் திருப்பித் தட்டியது.

"என்னைப் பாரு," என்றார். "உன் புருஷன் நான்தானே?"

அவள் திரும்பினாள். கல்யாணமான நாள்முதல் அவர் ஏங்கிக் கிடந்த பார்வை அது. அத்தனை பிரியம்.

"நீங்கதாங்க. யாரு இல்லேன்னா? பாவம், அவருக்குத்தான் மூச்சு பத்தல. நீங்க கொஞ்சம் விட்டுக்கொடுங்களேன்."

மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். சொல்லக் காற்று இல்லை.

ஜன்னல் திரை எழும்பியது. சுவரை நோக்கி. மேசைமேல் இருந்த காகிதங்கள். அவள் கூந்தல். எல்லாம் அந்தத் துளையை நோக்கி.

மெக்கானிக் முட்டி போட்டு விழுந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவள் கன்னத்தைச் சுவரோடு ஒட்டிவைத்து, கண்ணை மூடி, நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அவளோடு சேர்ந்து சுவரும் மூச்சு விட்டது.