இடப்பக்கம் சுற்றும் எலக்ட்ரான்

ஐந்தாம் வகுப்போடு அந்தப் பள்ளிக்கூடம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஷமா முத்துப்பேட்டைக்கு, அனுராதா திருத்துறைப்பூண்டிக்கு, செல்லதுரை சுவாமிமலையில் மாமா வீட்டுக்கு. மூக்கு ஒழுக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அகரம் எழுதியவர்கள்!

கடைசியாக ஒரு விழா இருந்தது, அறிவியல் விழா. பிள்ளைகள் எலக்ட்ரானாக நடிக்க வேண்டும்.

"எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சின்னு ஒரு குணம் உண்டு," என்று விஜயலட்சுமி டீச்சர் சொல்லியிருந்தார். "நிஜமாவே பம்பரம் மாதிரி சுத்தாது. புரியறதுக்காக நாம சுத்திக் காட்டுவோம். அது ரெண்டு விதமா இருக்கும். அதை வச்சுச் சிப்புல தகவல் எழுதினா, கரண்ட் போனாலும் அழியாது."

ஒத்திகைக்கு அனுராதாதான் தலைவி. அடேயப்பா, என்ன அதிகாரம்!

"எல்லாரும் வலப்பக்கமா சுத்துங்க!"

செல்லதுரை மட்டும் இடப்பக்கம் சுற்றினான். வலப்பக்கம் சுற்றினால் பாவம், தலை கிறுகிறுத்துப் பொத்தென்று விழுந்துவிடுவான்.

"டேய், கோயில்ல யாராவது இடமா சுத்துவாங்களா? நீ சுத்தவே வேணாம். போய் ஓரமா நில்லு!"

அவன் சுவரோரம் போய் நின்றான். கண் கலங்கிவிட்டது. கடைசி விழாவில் செல்லதுரை இல்லாமலா? ஷமாவுக்குப் பொறுக்கவில்லை.

"அனு, எலக்ட்ரான் என்ன கோயிலையா சுத்துது? டீச்சர் ரெண்டு விதம்னாங்கல்ல? கம்ப்யூட்டர் எல்லாத்தையும் ஒண்ணும் சைபருமாத்தானே எழுதும்? வலம்னா ஒண்ணு, இடம்னா சைபர்னு வச்சுக்க. எல்லாரும் வலமாவே சுத்தினா வெறும் ஒண்ணு ஒண்ணுன்னுதான் வரும். அதுல என்னத்த எழுதுறது?"

அனுராதா யோசித்தாள். "ஆமாப்பா... ஆனா எங்க யாருக்கும் இடமா சுத்திப் பழக்கமில்லையே!"

"அதுக்குத்தான் ஒருத்தன் இருக்கானே!"

விழாவில் மற்றவர்கள் வலப்பக்கம் சுற்ற, செல்லதுரை வரிசையில் இடம் மாறி மாறி நின்று இடப்பக்கம் சுற்றினான். அவன் இடம் மாற மாற, அந்த ஒன்று, சைபர் வரிசையைப் பார்த்து டீச்சர் வாசித்த எழுத்தும் மாறியது. ஊரே கைதட்டியது.

கூட்டம் கலைந்ததும் அனுராதா ரகசியமாக இடப்பக்கம் சுற்றிப் பார்த்துத் தொப்பென்று விழுந்தாள். செல்லதுரை ஓடிவந்து தூக்கிவிட்டான்.

"நாளைக்கு வா, சொல்லித் தர்றேன்."

சொன்ன பிறகுதான் நாளை பள்ளிக்கூடம் இல்லை என்பது உறைத்தது.

"அப்ப இப்பவே சொல்லிக் குடு," என்றாள் ஷமா.

அம்மாக்கள் வந்து கூப்பிடும்வரை மூவரும் இடப்பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தார்கள்.