நான்காவது இருக்கை

ஆம்புலன்ஸ் விமானத்தில் இருந்தவர்கள்: விமானி மெர்வ். டாக்டர் லயல். இந்த வேலையில் முதல் முறை பறக்கும் நர்ஸ் கீரா. மூன்று மாதக் குழந்தை ஓட்டிஸ், தொண்டையில் குழாயோடு, மருந்து மயக்கத்தில். நான்காவது இருக்கையில் யாருமில்லை. அதன் பெல்ட் மட்டும் மாட்டியிருந்தது.

அங்கே ஓட்டிஸின் அம்மா ஷெரில் உட்கார்ந்திருக்க வேண்டும். செம்மண் ஓடுதளத்தின் வேலியோரம், டயப்பர் பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, "எனக்கு இடம் இருக்கா டாக்டர்?" என்று அவள் கேட்டபோது லயல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இல்லம்மா. ரோட்டுல வாங்க."

நகரத்து ஆஸ்பத்திரிக்கு ரோட்டில் எண்ணூறு கிலோமீட்டர்.

"சீட் காலியாத்தானே இருக்கு டாக்டர்?" என்றாள் கீரா, கதவு மூடியதும்.

"அழுவுற அம்மாவ ஏத்திக்கிட்டா எனக்கு ரெண்டு நோயாளி. நீ புதுசு. மருந்து பம்பைப் பாரு."

பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். சாய்ந்த வெயில் ஜன்னல் வழியாக வந்து மருந்துக் குழாய்களின் நிழலைக் குழந்தையின் வயிற்றில் ஆட்டிக்கொண்டிருக்க, ஸ்பிரிட் வாசனையும் சூடான பிளாஸ்டிக் வாசனையும் மூக்கில் ஏற, இன்ஜின் இரைச்சல் எலும்புவரை இறங்க, காதில் மாட்டிய ஹெட்செட்டுக்குள் யாரோ மெல்ல அழுவது கேட்டது.

குரல்வளைக்குள் குழாய் போன குழந்தைக்குச் சத்தம் வராது. வந்தால் குழாய் நழுவிவிட்டது என்று அர்த்தம். அடுத்து மூச்சு போய்விடும். குனிந்தாள். உதட்டோரம் ஒட்டிய பிளாஸ்திரி அசையவில்லை. நெஞ்சு ஒழுங்காக ஏறி இறங்கியது. திரையில் மூச்சின் அலை சீராக ஓடியது.

அழுகை நிற்கவில்லை.

"டாக்டர், யாரோ அழுறாங்க."

"இன்ஜின் சத்தம். முதல் நாள் எல்லாருக்கும் இப்படித்தான்."

"எனக்கும் கேக்குது கண்ணு," என்றார் மெர்வ். "பச்சப்புள்ள அழுகை இல்ல. பொம்பள அழுகை. போன மாசம் ஒரு குட்டிப் பொண்ணக் கொண்டு வந்தோம்ல டாக்டர்? அவளோட அம்மாவும் ரோட்டுலதான் கிளம்புனா. வந்தே சேரல. கார் உருண்டுருச்சு."

"வாய மூடிட்டு ஓட்டு மெர்வ்."

"அவங்களுக்கும் இடமில்லன்னு சொன்னீங்களா?" கீராவின் குரல் உயர்ந்தது.

லயல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கீராவுக்கு அவர் முகத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. "மெர்வ், ரேடியோல போலீஸக் கூப்பிடுங்க. ஷெரில் காரை நிறுத்தச் சொல்லுங்க. வேற யாராவது ஓட்டட்டும்."

ஹெட்செட்டில் ஒரு குரல் வர, யாராவது ஒரு மைக்கில் பேச வேண்டும். கீரா மூன்று பேரின் மைக்கையும் பார்த்தாள். யாருடைய உதடும் அசையவில்லை. பிறகு நான்காவதைப் பார்த்தாள். கொக்கியில் தொங்கிய ஹெட்செட். அருகே, மைக் திறந்திருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு.

எரிந்துகொண்டிருந்தது.

பெட்ரோல் நாற்றம். சூடான தார். காலி இருக்கையின் மெத்தை அழுந்தியது. மெதுவாக. பெல்ட் இறுகியது. உள்ளே ஒரு வயிறு இருப்பதுபோல.

கீரா இரண்டு கைகளாலும் ஓட்டிஸை மறைத்தாள்.

"எனக்கு இடம் இருக்கா, டாக்டர்?"

ஷெரிலின் குரல் இல்லை.

"இடமில்ல," என்றார் லயல். பழக்கதோஷம். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. தன் ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்தார்.

தரையிறங்கினார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் படுக்கையை இறக்கினார்கள். ஓட்டிஸின் நெஞ்சு ஏறியது, இறங்கியது. கீரா ஒரு கையைக் குழாயிலிருந்து எடுக்கவே இல்லை.

"ஷெரில நிறுத்திட்டாங்க," என்றார் மெர்வ், படியிறங்கி வந்து. "போலீஸ்காரரே ஓட்டிட்டு வர்றாராம்."

லயல் மருந்துப் பையை எடுக்க உள்ளே போயிருந்தார்.

பெல்ட் கழலும் சத்தம். டிக்.

படியோடு சேர்ந்த கதவு மேலே எழுந்தது. உள்ளேயிருந்து யாரோ இழுத்தார்கள். மெர்வ் ஓடிப்போய்த் தொங்கினார். அது நிற்கவில்லை.

ஜன்னலில் லயல் தெரிந்தார். நான்காவது இருக்கையில். பெல்ட் போட்டிருந்தது. மடியில் நசுங்கிப்போய்ச் செம்மண் அப்பிய ஒரு டயப்பர் பை. அவர் வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை.

"கீரா! டாக்டர் உள்ள இருக்காரு!"

குழந்தையின் பம்பில் பேட்டரி குறைந்துகொண்டிருந்தது. கீரா படுக்கையைத் தள்ளினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பின்னால் விமானக் கதவின் கைப்பிடி உள்ளேயிருந்து திரும்பியது. பூட்டு விழுந்தது.