விளம்பரத்தில் இல்லாத மகள்

அந்த வீட்டுக் கூடத்தில் நான்கு பேர் இருந்தார்கள்.

எழுபத்தாறு வயது கோவிந்தராசு. காலமான அவர் தம்பியின் மனைவி ரஞ்சிதம்; வீடு அவளுடையது. அவள் மகன் பாலகிருஷ்ணன். தனியார் துப்பறிவாளன் சேவியர்.

முதல் மூவரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

சேவியர் தரையில் கிடந்தான்... தலைக்கடியிலிருந்து ரத்தம் சோபாவை நோக்கி ஊர்ந்தது.

சிங்கப்பூர், ஃபேரர் பார்க், ஒன்பதாவது மாடி. ஞாயிறு, காலை பதினொரு மணி.

“மூச்சு இருக்காடா?” ரஞ்சிதம் கேட்டாள்.

“இருக்கும்மா. ஆம்புலன்ஸ் வருது. பின்னாலயே போலீசும் வரும்.” பாலகிருஷ்ணன் பெரியப்பாவைப் பார்த்தான். “கால் தடுக்கி விழுந்துட்டாருன்னு சொல்லிடலாம் லா. அக்காவுக்கு எலெக்‌ஷன் ஒம்பதே நாள்.”

கோவிந்தராசின் முதுகு மட்டும் நிமிர்ந்தே இருந்தது.

அக்கா என்றால் தாரணி. ரஞ்சிதத்தின் ஒரே மகள். அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவள், அங்கேயே கல்யாணம், குடியுரிமை. முதலில் ஒரு சிறிய ஊரின் பள்ளிக்கூட வாரிய உறுப்பினர். அப்புறம் நகர மன்றம். அப்புறம் மேயர். அப்புறம் மாநிலச் சட்டமன்றம். ஒவ்வொரு வெற்றியையும் தேக்கா காப்பிக் கடையில் மேசை மேசையாகப் போய்ச் சொன்னவர் கோவிந்தராசுதான்.

இப்போது வாஷிங்டன்... காங்கிரஸ் தேர்தல்.

எல்லா மேடையிலும் அவளுக்கு ஒரே முழக்கம். ‘என் குடும்பம் யாரையும் ஒதுக்கியதில்லை. இந்த நாடும் ஒதுக்கக் கூடாது.’

அரை மணி நேரத்துக்கு முன் வந்த சேவியர், யார் அனுப்பினார்கள் என்று சொல்லவில்லை. பதினோரு வருடப் பழைய இரங்கல் விளம்பரம் ஒன்றை நீட்டினான். தம்பி இறந்தபோது, குடும்பத்துக்கு மூத்தவர் என்ற முறையில் கோவிந்தராசு பத்திரிகைக்குக் கொடுத்தது. மகன், மருமகள், பேரப் பிள்ளைகள், மார்சிலிங்கில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி வரை எல்லாப் பெயரும் இருந்தது.

“மக பேரு எங்க சார்?” என்று கேட்டான்.

எதிராளியின் ஆள்! கோவிந்தராசு தாளைப் பிடுங்கினார். சேவியர் விடவில்லை. ஒரு தள்ளு... மேசை முனை... ‘டங்’.

“பேரு விட்டுப்போனது பேப்பர்காரன் தப்புன்னுதானே மாமா சொன்னீங்க?” ரஞ்சிதம் மெதுவாகக் கேட்டாள். “அதையே இவருகிட்டயும் சொல்லியிருக்கலாமே. எதுக்குத் தள்ளுனீங்க?”

அவர் வாய் திறக்கும் முன்...

சேவியரின் சட்டைப்பையில் ஃபோன் அலறியது.

பாலகிருஷ்ணன் எடுத்துப் பார்த்தான். முகம் வெளுத்தது.

“அம்மா... அக்கா நம்பர்.”

ஸ்பீக்கரில் போட்டான்.

“சேவியர், பெரியப்பா எழுதிக் குடுத்துட்டாரா?” தாரணியின் குரல்.

“என்ன எழுதணும்மா?” என்றார் கோவிந்தராசு.



“பெரியப்பா? சேவியர் எங்க?”

“கீழ கிடக்கார். நான் தள்ளிட்டேன். எதிராளி அனுப்புன ஆளுன்னு நெனச்சேன்.”

“ஐயோ, அவரு என் ஆளு பெரியப்பா. எதிராளி தோண்டுறதுக்கு முன்னாடி நாங்களே ஆள் வச்சு எங்களைத் தோண்டிப் பாப்போம். இங்க அது வழக்கம்.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “அந்த விளம்பரம் அவங்க கைக்குப் போயிடுச்சு. பேப்பர் தப்புன்னு ஒரு வரி எழுதி, கையெழுத்து போட்டுக் குடுங்க. நான் தப்பிச்சிடுவேன். அதை வாங்கத்தான் அவரை அனுப்பினேன். நான் அனுப்பினது வெளிய தெரியக் கூடாதுன்னு என் பேரைச் சொல்ல வேண்டாம்னேன்.”

ஒரே வரி. ஒரு கையெழுத்து.

கோவிந்தராசு வாயால் சொன்ன பொய் அது. கைப்பட ஒரு பொய்க்குக் கீழே அவர் பெயரைப் போட்டதில்லை.

“பேப்பர்காரன் விடலைம்மா. எடுக்கச் சொன்னது நான். நீ வெள்ளைக்காரனைக் கட்டிக்கிட்டது எனக்கு அவமானமா இருந்துச்சு.”



இணைப்பு துண்டிக்கப்பட்டது.

ரஞ்சிதம் அவரைப் பார்க்கவில்லை. “பாலா, லிஃப்ட் வந்துடுச்சான்னு பாரு” என்றாள். “ஆம்புலன்ஸ் போறப்ப இவரும் போகட்டும். இனிமே இங்க வர வேண்டாம்.”

வந்து சேர்ந்த போலீஸ் அதிகாரி அஃப்னான் கோவிந்தராசிடம் கேட்டார். “அவரா விழுந்தாரா அங்கிள்?”

“தள்ளினேன்.”

சேவியர் எட்டுத் தையலோடு பிழைத்தான். கோவிந்தராசுமீது வழக்கு பதிவானது.

மூன்றாம் நாள் தாரணி மேடையில் முழக்கத்தை மாற்றினாள். ‘அப்பாவின் மரண அறிவிப்பில் என் பெயரை என் பெரியப்பா வெட்டினார். ஒதுக்கப்படுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்!’ பெரியப்பாவின் முழுப் பெயரையும் சொன்னாள். ஒரு மாநிலமே கேட்டது.

ஜெயித்தாள்.

மறுநாள் தேக்கா காப்பிக் கடையில் கோவிந்தராசு தனியாக உட்கார்ந்திருந்தார். நீதிமன்றக் கடிதம் சட்டைப்பையில். இந்த முறை எந்த மேசைக்கும் போகவில்லை.

பக்கத்து மேசைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

“என்னங்கண்ணே, பெரியப்பா ஆசீர்வாதத்துலதான் பொண்ணு ஜெயிச்சுதுன்னு ஊரே பேசுதே?”

கோவிந்தராசு காப்பியைக் கீழே வைத்தார்.

“தப்பு. என்னைத் திட்டித்தான் ஜெயிச்சா.”