பதினோராம் பக்கத்துப் பாதை

களத்தூர் ஏரிக்கரைத் திருப்பத்தில் ஒரு மனிதன் தரையில் காகிதத்தை விரித்து உட்கார்ந்திருப்பான் என்று தனகோடி எதிர்பார்க்கவில்லை. மணியை அடித்தாள். பிரேக்கைப் பிடித்தாள். ஐப்பசி மாதத்து ஈர மண்... சக்கரம் வழுக்கிக்கொண்டு போய், காகிதத்தின் நடுவே நீளமாக ஒரு சேற்றுக்கோடு போட்டுவிட்டுத்தான் நின்றது.

அவன் நிமிர்ந்தான். இருபத்தேழு வயது இருக்கும். காதில் பென்சில், பக்கத்துப் பனைமரத்தில் சாய்த்து வைத்த சைக்கிள்.

"மூணு மாசமா போட்ட மேப்புங்க," என்றான். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது.

"ரோட்டு நடுவுல குந்திகினு மேப்பு போட்டா, வண்டி ஏறத்தான் செய்யும்," என்றாள் விட்டுக்கொடுக்காமல்.

அவன் சிரித்தான். மழை விட்ட பின் ஏரியில் வெயில் விழுமே... அப்படி இருந்தன அந்தக் கண்கள். தனகோடி சட்டென்று பார்வையைத் திருப்பிக் கேரியரில் இருந்த கறுப்புப் பையைச் சரிசெய்தாள்.

ஜில்லா போர்டு பிரசவ விடுதியில் அவள் நர்சு. செங்கல்பட்டிலிருந்து பாலாற்றங்கரை வரை இருந்த ஊர்களில் எல்லாம் 'சைக்கிள் நர்சு' என்றால்தான் தெரியும். ஐம்பத்தாறாம் வருஷத்தில் அந்தப் பக்கம் சைக்கிள் விடும் பெண் அவள் ஒருத்திதான். முதலில் சிரித்தவர்கள்கூட, தங்கள் வீட்டில் வலி எடுத்ததும் அந்த மணிச் சத்தத்துக்குத்தான் வாசலில் காத்திருந்தார்கள்.

"வல்லிபுரத்துக்கு இதுதானே நேர் ரோடு?" என்று கேட்டான் அவன்.

"மேப்புல ரோடு கீது. தண்ணிக்கு மேப்பு தெரியுமா? ஏரி ரொம்பி ரெண்டு நாளா வழிஞ்சிகினு கீது. அந்தப் பக்கம் போனா கழுத்தளவு தண்ணி. நானும் அங்கதான் போறேன். தலைச்சன் பிரசவம். வரதுன்னா பின்னாலயே வாங்க. பேசிகினு நிக்க நேரமில்ல."

அவன் பின்னாலேயே வந்தான்.

ஏரிக்கரையை விட்டு இறங்கி, வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே வளைந்து, பனஞ்சாலை வழியாக ஒரு வண்டிப்பாதை. அங்கங்கே பாலாற்றின் மணல் வெள்ளையாகத் தெரிந்து மறைந்தது. வாய்க்கால் குறுக்கிட்ட இடத்தில் தனகோடி பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு இறங்கினாள். அவன் அவள் சைக்கிளைத் தோளில் ஏற்றிக்கொண்டான். அதை அக்கரையில் வைத்துவிட்டு, தன்னுடையதற்காகத் திரும்பவும் இறங்கினான்.

வல்லிபுரத்தில், பூவாயி என்ற அந்தப் பெண்ணின் வயிற்றில் பிள்ளை கால் கீழாகத் திரும்பியிருந்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. வண்டி இறங்க முடியாத தண்ணீர். நாலு மணி நேரம்... தனகோடி பூவாயியின் பக்கத்தை விட்டு நகரவில்லை. கடைசியில் குழந்தை வந்தது. அழவில்லை. தலைகீழாகப் பிடித்து, முதுகைத் தட்டி, வாயைத் துடைத்து... ஒரு யுகம் போனது. பிறகு அழுதது.

அவள் வெளியே வந்தபோது அவன் வேலியோரம் மழையில் நனைந்தபடி நின்றிருந்தான்.

"அழுத சத்தம் கேட்டுச்சு... நிஜமா அழுதுச்சில்ல?" என்றான்.

அவன் கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்தாள். இவருக்கு இவர்கள் யார்? யாரோ. எதற்காக நின்றார்? கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் தன் கண்ணும் கலங்கிவிடும் என்று பயமாக இருந்தது.

அவன் பெயர் கோதண்டராமன். பட்டணத்தில் ஓர் ஆபீசில் படம் வரைகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சிநேகிதர்களோடு சைக்கிளில் ஊர் சுற்றுவான். செங்கல்பட்டிலிருந்து ஆற்றங்கரை, ஏரிக்கரை வழியாகவே மாமல்லபுரம் கடற்கரைக்குப் போக ஒரு வழிப் புத்தகம் போட வேண்டும் என்பது அவன் ஆசை.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் முதல் ரயிலில் சைக்கிளோடு வந்து இறங்கினான். அவள் ஊர் ஊராகப் போகும் வழியில் எங்காவது எதிர்ப்படுவான். தற்செயலாகத்தான்... என்று இருவருமே சொல்லிக்கொண்டார்கள். எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர், எந்தக் கரையில் கருவேல முள், எந்த மேட்டில் இறங்கித் தள்ள வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதிக்கொண்டான்.

"இந்த நாய எழுதிக்கினீங்களா? காலக் கவ்வும்."

"பேரு இன்னாங்க அதுக்கு?"

"அதுக்குப் பேர் வச்சிட்டு நீங்களே கூட்டிகினு போங்க."

மார்கழியில் ஒருநாள், மாமல்லபுரத்து மீனவர் குப்பத்தில் ஒரு கர்ப்பிணியைப் பார்க்க அவள் போக வேண்டியிருந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அவன் சேர்ந்துகொண்டான். சவுக்குத் தோப்புக்கு அப்பால் கடல் தெரிந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பாறையில் குடைந்த மண்டபம் ஒன்றில் இருவரும் ஒதுங்கினார்கள்.

"தனகோடி... ஒண்ணு சொல்லணும்," என்றான். முதல் தடவையாக 'நர்சம்மா' இல்லை.

மழையில் நனைந்த ஆட்டுக்கூட்டம் ஒன்று மேய்ப்பவரோடு மண்டபத்துக்குள் புகுந்தது. அவன் சொல்ல வந்தது நின்றுபோயிற்று.

தை மாதம் தபாலில் புத்தகம் வந்தது. சின்னப் புத்தகம், நீல அட்டை. கைக்குழந்தையை வாங்குவது போல வாங்கினாள். பதினோராம் பக்கம்... களத்தூர் ஏரியிலிருந்து வல்லிபுரம். அவளுடைய பாதை. முதல் வரியைப் படித்தாள்.

'மழைக்காலத்திலும் செல்லக்கூடிய இந்த வழியைப் பல நாள் அலைந்து நான் கண்டுபிடித்தேன்.'

இன்னொரு முறை படித்தாள். நான்... நான் மட்டும். ஆறு வருஷமாக வெயிலிலும் சேற்றிலும் அவள் மிதித்து மிதித்துக் கண்ட வழி. புத்தகம் முழுக்கத் தேடினாள். அவள் பெயர் எங்குமே இல்லை. அந்த ஞாயிறுகள் எல்லாம் இதற்குத்தானா?

ஒரு கார்டு எழுதினாள். 'புத்தகம் கிடைத்தது. பதினோராம் பக்கத்தில் பிழை உள்ளது. தனகோடி, நர்சு.' அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த இரண்டு கடிதங்களுக்கு அவள் பதில் போடவில்லை.

சித்திரையில் ஒருநாள் மத்தியானம் அவன் பிரசவ விடுதி வாசலில் வந்து நின்றான். கோடை மழை அப்போதுதான் தூற ஆரம்பித்திருந்தது. முகம் கறுத்து, முழங்காலெல்லாம் புழுதி.

"அந்த வழில மூணு தடவ போயிட்டு வந்தேன்," என்றான். "மைல் கணக்கு சரியா இருக்கு. கிணறு இருக்கு. வாய்க்கால் இருக்கு. பிழை இன்னான்னே தெரியலங்க. நீங்களே சொல்லிடுங்க."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "மொத வரி," என்றாள்.

பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் படித்தான். விரல் 'நான்' என்ற சொல்லில் வந்து நின்றது.

"முதல்ல உங்க பேரத்தான் எழுதியிருந்தேன். அச்சுக்குக் குடுக்கும்போது பயந்துட்டேன். கல்யாணம் ஆகாத பொண்ணு... எவன்கூடவோ ஏரிக்கரைல சுத்தினாங்கன்னு ஊரு பேசுமேன்னு கோடு போட்டு அடிச்சிட்டேன்."

"ஊரு பேசும்னு நீங்களா முடிவு பண்ணீங்க. என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா? ராவா பகலா வூடு வூடா போறவ நான். ஊரு பேசாத பேச்சா? அதெல்லாம் தாங்கிக்கினேன். நீங்க பேர அடிச்சத மட்டும் தாங்க முடியல."

கடைசி வார்த்தை உடைந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தப்புதாங்க," என்றான் மெதுவாக. "உங்கள காப்பாத்தறதா நெனச்சிகினு உங்களையே அழிச்சிட்டேன். மறுபடி அச்சடிக்கிறப்ப மொத வரிலயே போடறேன். ஆனா..." சைக்கிள் மணியையே பார்த்துக்கொண்டிருந்தான். "தனகோடி கோதண்டராமன்னு போடணும்னு எனக்கு ஆசை. அன்னிக்கு மண்டபத்துல சொல்ல வந்ததும் அதான்."

மழை வலுத்தது. அவன் நனைந்துகொண்டே நின்றான். அவள் சற்று நகர்ந்து, கூரைக்கடியில் அவனுக்கு இடம் விட்டாள்.

"வேணாம்," என்றாள். "புஸ்தகத்துல தனகோடி, நர்சுன்னு மட்டும் போடுங்க. வழியக் கண்டவ அவதான்."

அவன் முகம் வாடிப்போயிற்று. அதைப் பார்க்கப் பொறுக்காமல் அவள் அவசரமாகச் சொன்னாள்.

"நீங்க சொன்ன அந்தப் பேரு... அது வூட்டுக்கு. அத எங்க அண்ணாத்தய கேக்கணும். சாயங்காலம் கழனிலேர்ந்து வந்துடுவாரு. நீங்க கேட்டதும் அவரு என் மூஞ்சியத்தான் பார்ப்பாரு..."

"பார்த்தா?"

அவள் குனிந்து, முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"தலையாட்டுவேன்."