கொரோனா கத்தரிக்கோலுக்கு வாய்ப்பூட்டு

நறுக்! மருந்து இரண்டு துண்டாய் விழுந்தது.

"போச்சு! வைரஸ் நம்ம மருந்தையே தின்னுடுத்து" என்று தலையில் கை வைத்தாள் அதிதி.

மட்டாஞ்சேரிப் பள்ளியில் அன்று அறிவியல் கண்காட்சி. அதிதியும் விபினும் ஆறாம் வகுப்பு. கொரோனா வைரஸ் நம் உடம்புக்குள் புகுந்ததும் நீளமான புரதச் சங்கிலி ஒன்று உருவாகும். அதைத் துண்டு துண்டாக நறுக்கினால்தான் புது வைரஸ்கள் பிறக்கும். நறுக்குவதற்கென்றே வைரஸிடம் ஒரு நொதி உண்டு. அந்த நொதிதான் இவர்கள் மேசையில் இருந்த கத்தரிக்கோல். சங்கிலி, வண்ணக் காகிதம். கத்தரிக்கோலைத் தடுக்கும் மருந்து, விபின் உருட்டிய களிமண்.

களிமண்ணுக்கா கத்தரிக்கோல் பயப்படும்?

விபினுக்குக் கண் கலங்கிவிட்டது. "எல்லாம் என்னாலதான். இங்க ஜெயிச்சாத்தானே எர்ணாகுளம் போட்டி? இனி போன மாதிரிதான். நான் விலகிக்கிறேன், நீ தனியா நில்லு."

"அசடு! சேர்ந்து செஞ்சோம், சேர்ந்துதான் நிப்போம்."

நடுவர் சங்கர்ராம் சார் பக்கத்து வரிசைக்கு வந்துவிட்டார்.

அடுத்த மேசையில் பத்தாம் வகுப்பு கமலாக்ஷி சேச்சி தன் கண்காட்சிக்காகச் சக்கை அறுத்துக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் அக்காவுக்குச் சேச்சி, பலாப்பழத்துக்குச் சக்கை என்று பெயர். பிசின் கவ்விக்கொண்டதில் கத்தி நகரவே மாட்டேன் என்றது.

"ஐயோ, கத்திக்கு எண்ணெய் தடவ மறந்துபோச்சே!"

"தடவாதீங்க சேச்சி! அந்தப் பிசின் எங்களுக்கு வேணும்!" அதிதி ஒரே பாய்ச்சலாய்ப் பாய்ந்தாள்.

வழித்த பிசினை விபினிடம் நீட்டினாள். "காகித வளையத்துமேல அப்பு. சங்கிலி மாதிரியே இருக்கணும். அப்பதான் கத்தரிக்கோல் ஏமாந்து கடிக்கும்."

விபின் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அழகாக அப்பினான்.

சங்கர்ராம் சார் தாமே கத்தரிக்கோலை எடுத்தார். அது வளையத்தைக் கடித்தது. கடித்த வாய் திறக்கவே இல்லை.

"பலே! ஆனா நம்ம உடம்புலயும் இப்படிக் கத்தரிக்கோல் இருக்கே. அதுவும் ஒட்டிக்கிட்டா?"

"ஒட்டக் கூடாது சார்" என்றான் விபின், நிமிர்ந்து நின்று. "வைரஸ் வாய்க்கு மட்டும் பொருந்தணும். அப்படி ஒரு மருந்து செய்யறதுதான் பெரிய வேலை."

"வைரஸ் தன் வாயை மாத்திக்கிட்டா?"

"நாங்க மருந்தை மாத்துவோம்!" என்றாள் அதிதி.

சார் வாய்விட்டுச் சிரித்தார். பேனாவை எடுக்கப் பார்த்தார். கையோடு கத்தரிக்கோலும் வந்தது.

"எர்ணாகுளத்துக்கு நீங்க ரெண்டு பேரும்தான் போறீங்க. ஆனா நான் அதை எழுதணும்னா, முதல்ல என் விரலை விடுவியுங்க!"