பூஜைக்கு வைத்த கார்

மகாநவமி, மாலை 6.50. ஈஞ்சக்கல் பைபாஸின் ஓரத்தில் பூக்காரி பேச்சி கிடந்தாள். கூடையிலிருந்த பிச்சிப்பூ சாலையெங்கும் சிதறியிருந்தது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

"வெள்ளக் காரு. கிரீச்சுன்னு ஒரே இழுப்பு," என்றாள் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில். "நின்னுது. பெறவு போயிட்டுது."

நம்பரை யாரும் பார்க்கவில்லை. சாலையில் நாற்பதடி நீளத்துக்கு இரண்டு கறுப்புக் கோடுகள் மட்டும் இருந்தன. எஸ்.ஐ. அஜின் அன்று இரவே கரமனை வட்டாரப் பட்டறைகளுக்கெல்லாம் தகவல் அனுப்பினார்: வெள்ளைக் கார் எது வந்தாலும் சொல்லவும்.

விஜயதசமி, காலை 9.10. கரமனையில் செண்பகவல்லியின் டயர் கடைக்குள் ஒரு பழைய வெள்ளைக் கார் நுழைந்தது.

தொப்... தொப்... தொப்...

செண்பகவல்லி நாகர்கோவில்காரி. சந்தேகம் அவள் உடன்பிறப்பு. புது டயர் என்று யாராவது சொன்னால், முதலில் குனிந்து தயாரித்த தேதியைப் படிப்பாள். பிறகுதான் வணக்கம் சொல்வாள்.

காரிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். உரிமையாளர் அனந்தபத்மநாபன், வலியசாலை அக்ரஹாரத்துக்காரர், அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தங்கை மகன் சாய், டெக்னோபார்க்கில் வேலை. பெங்களூரிலிருந்து வந்து மாமா வீட்டில் தங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. மூன்றாமவர் டிரைவர் பூதலிங்கம். அந்த வீட்டில் பதினெட்டு வருஷம்.

"எப்பலேருந்து சத்தம், அண்ணாச்சி?" என்று பூதலிங்கத்தைக் கேட்டாள்.

"இன்னிக்குத்தான் தங்கச்சி. காலைலயே சகுனம் செரியில்ல. ஷெட்டுலேருந்து பின்னால எடுத்தேன், சக்கரத்துக்கு வச்ச எலுமிச்சங்கா ஒண்ணுகூட நசுங்கல. மாமி அழுதுட்டாங்க."

"அஷ்டமி சாயங்காலம் ஷெட்டுல விடறச்சே ஒரு சத்தமும் கிடையாது," என்றார் அனந்தபத்மநாபன். "நானும் உள்ளதான் உக்காந்திருந்தேன். அப்புறம் பூஜைக்கு வச்சாச்சு."

பூஜைக்கு வைத்துவிட்டால் வைத்ததுதான். விஜயதசமி காலையில் எடுக்கும்வரை புத்தகமோ கருவியோ வண்டியோ, எதையும் தொடக் கூடாது. அந்த வீட்டில் கார்ச் சாவி சரஸ்வதி படத்தின் முன் புத்தக அடுக்கின்மேல் இருந்தது. சாயின் லேப்டாப்பும் மாமாவின் கட்டளைப்படி பக்கத்திலேயே இருந்தது.

"ரெண்டு நாள் ஒரே நில்ப்பு அல்லே சேச்சி," என்றான் சாய் சிரித்தபடி. "டயர் ஒரு பக்கம் சப்பிப் போயிருக்கும். கொஞ்சம் ஓட்டினா மாறும்."

"மாறுதான்னு பாப்போம்."

காலை 9.30. பூதலிங்கம் ஓட்ட, செண்பகவல்லி முன்னால் உட்கார்ந்தாள். மற்ற இருவரும் பின்னால். கோவளம் சாலையில் வேகத்தைக் கூட்டினால் தொப்தொப்பும் கூடியது, குறைத்தால் குறைந்தது. ஸ்டியரிங் அதே தாளத்தில் உதறியது.

திருவல்லத்தைத் தாண்டியதும் ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. பூதலிங்கத்தின் கால் பிரேக்கை விட்டு விட்டு மூன்று முறை மிதித்தது. சத்தமில்லாமல் கார் நின்றது.

"என்ன அண்ணா, சவிட்டினா சவிட்டிப் பிடிக்கணும்," என்றான் சாய், தன் காலை ஒரே அழுத்தாக அழுத்திக் காட்டி. "பாக்கிய வண்டி பாத்துக்கும்."

செண்பகவல்லி திரும்பி அவனை ஒரு கணம் பார்த்தாள்.

காலை 10.10. இருபது கிலோமீட்டர் ஓடிக் கடைக்குத் திரும்பியபோது டயர் நன்றாகச் சூடேறியிருந்தது. சத்தம் இம்மியும் குறையவில்லை. அவள் காரை ஜாக்கியில் ஏற்றினாள். நட்டுகள் இறுக்கமாக இருந்தன. டயரில் வீக்கம் இல்லை, ரிம்மில் வளைவு இல்லை. பின் சக்கரங்கள் சுத்தம். முன் சக்கரங்களைச் சுழற்றி உள்ளங்கையை வைத்தாள். இரண்டிலும் ஒரே ஓர் இடத்தில், மூன்று விரல் அகலத்துக்கு ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. அந்த இரண்டு இடத்திலும் சாக்கட்டியால் வட்டம் போட்டாள். பிறகு போனை எடுத்து அஜினைக் கூப்பிட்டாள்.

காலை 10.25. அஜின் வந்தார். வீட்டில் தமிழ், ஸ்டேஷனில் மலையாளம் என்று இரண்டையும் கலந்து பேசுகிறவர்.

"ரெண்டு நாள் நின்னதுக்கு டயர் இப்படி ஆகாது சார்," என்றாள் செண்பகவல்லி. "அப்படியே சப்பினாலும் நாலு டயரும் சப்பும், சூடானா செரியாயிரும். இது ரெண்டு முன் டயருலதான். இழுபட்டுத் தேஞ்சது. அஷ்டமிக்குப் பெறவு இந்த வண்டி வெளிய போயிருக்கு."

அனந்தபத்மநாபன் முகம் சிவந்தது. "நானும் என் ஆத்துக்காரி வாலாம்பாளும் நேத்திக்கு ஆறு மணியிலேருந்து எட்டரை வரைக்கும் கோட்டைக்குள்ள நவராத்திரி கச்சேரில இருந்தோம். திரும்பி வந்தப்போ சாவி வச்ச எடத்துல இருந்தது. பூஜைச் சாவியை யார் தொடுவா? இன்னொரு சாவி இவன்கிட்ட இருக்கு!"

அவர் விரல் பூதலிங்கத்தை நோக்கி நீண்டது.

"நவமி சாயங்காலம் எவிடே இருந்தது?" என்று பூதலிங்கத்தைக் கேட்டார் அஜின்.

"வீட்டுல, சார்."

"கூட ஆரு?"

"யாரும் இல்ல. வீட்டுக்காரி ஊருக்குப் போயிருக்கா."

"பதினெட்டு வருஷம் சோறு போட்டேனே. கள்ளா!" என்றார் அனந்தபத்மநாபன்.

பூதலிங்கத்தின் கை சட்டைப்பையிலிருந்த லைசென்ஸைத் தொட்டது. லைசென்ஸ் போனால் பிழைப்பு போகும். கேஸ் வந்தால் கரமனையில் தலைகாட்ட முடியாது. ஆனால் அவர் கண் கலங்கியது அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

"மாமா, அவசரப்படாதேங்கோ. பூதலிங்கம் அண்ணா பாவம்," என்றான் சாய். "எனக்கு நேத்து தலைவலி, படுத்துட்டேன். ஷெட்டு தெருக்கோடியில அல்லே, ஆரு எடுத்தான்னு எங்கனே அறியும்?"

அஜின் பூதலிங்கத்தின் தோளில் கைவைத்தார். "செரி, ஜீப்பில கேறு."

"ஒரு நிமிஷம் சார்," என்றாள் செண்பகவல்லி. "ரோட்டுல இருந்த கோடு, விட்டு விட்டு இருந்துதா? ஒரே கோடா?"

"ரெண்டும் விடாத கோடு. நாப்பதடி."

அவள் வாலாம்பாளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"மாமி, அஷ்டமி அன்னிக்கு எலுமிச்சங்காய சக்கரத்துக்கு எந்தப் பக்கம் வச்சீங்க?"

"பின்பக்கந்தான். அந்த ஷெட்டுலேருந்து வண்டி பின்னாலதானே வரும்? முன்னால வச்சா எப்படி நசுங்கும்?"

செண்பகவல்லி போனை வைத்தாள்.

"ஆனா இன்னிக்குக் காலைல ஒண்ணுகூட நசுங்கல. ஏன்னா பழம் முன்பக்கம் இருந்துது. மாமி வச்ச பழம் நேத்து சாயங்காலமே நசுங்கிப் போச்சு. எடுத்தவன் திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டுப் புதுசா நாலு பழம் வச்சிருக்கான். எல்லாரும் வைக்கிற மாதிரி முன்னால வச்சிட்டான். பதினெட்டு வருஷமா தெனமும் அந்த ஷெட்டுலேருந்து பின்னால எடுக்கிற அண்ணாச்சிக்கு அந்தத் தப்பு வருமா? வந்திருந்தாலும் பழம் நசுங்கலன்னு அவரே வந்து என்கிட்டச் சொல்லுவாரா?"

அவள் முன் சக்கரத்தில் போட்ட சாக்கட்டி வட்டத்தைத் தொட்டாள்.

"பிரேக்கப் பாருங்க. பழைய வண்டியில அமுக்கிப் பிடிச்சா முன் சக்கரம் பூட்டிக்கிடும். சுத்தாம ஒரே எடத்துல தேயும், ரோட்டுலயும் ஒரே கோடு விழும். அண்ணாச்சி கால் விட்டு விட்டுத்தான் மிதிக்கும். நாய் வந்தப்ப எல்லாரும் பாத்தோம். புது வண்டியில அமுக்கிப் பிடிச்சாப் போதும், பூட்டாம அதுவே பாத்துக்கும். அந்தப் பழக்கத்துல ஓட்டுறவரு ஒருத்தருதான் இங்க இருக்காரு. சவிட்டிப் பிடிக்கணும்னு காருக்குள்ள பாடமும் எடுத்தாரு. உங்களுக்குப் புது வண்டிதானே பழக்கம்? அது எங்க, சாய்?"

"சர்வீஸ்ல," என்றான் சாய். அதன்பின் அவன் சிரிக்கவில்லை.

"ஈஞ்சக்கல் பைபாஸ் டெக்னோபார்க்குக்குத்தானே போகுது?"

சாய் மாமாவைப் பார்க்காமல் பேசினான். "ஆபீஸ்லேருந்து விளிச்சுண்டே இருந்தா. லேப்டாப் பூஜையில, நேர்ல போயாகணும். டாக்ஸி ஒண்ணும் கிடைக்கல. ஒரு மணி நேரத்துல வந்துடலாம்னு நினைச்சேன்... அந்த அம்மா எழுந்து உக்காந்தா. ஒண்ணும் ஆகல, கொழப்பமில்லன்னு நினைச்சுப் போயிட்டேன்."

"பூஜைக்கு வச்ச சாவியையாடா தொட்டே?" என்றார் அனந்தபத்மநாபன்.

செண்பகவல்லிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அந்தப் பொம்பள கால் ஒடிஞ்சு கெடக்கா, சாமி. மொதல்ல அதக் கேளுங்க."

அவர் தலை குனிந்தது.

காலை 10.50. சாய் ஜீப்பில் ஏறினான்.

"காரும் ஸ்டேஷனுக்கு வரணும்," என்றார் அஜின்.

அனந்தபத்மநாபன் பழக்கதோஷத்தில் திரும்பினார். "பூதலிங்கம், வண்டிய எடு."

பூதலிங்கம் அசையவில்லை.

"சோறு நீங்க போடல சாமி, நான் ஓட்டித் தின்னேன். கள்ளன்னு சொன்னதுக்கு ஒரு வார்த்த வரும்னு இவ்வளவு நேரமும் பாத்துக்கிட்டு நின்னேன். வரல."

பூதலிங்கம் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிச் சாலையைக் கடந்தார். மெடிக்கல் காலேஜ் பஸ் வந்தது. கையைக் காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார்.